இரண்டாம் காரியதரிசி சேர் யோன் பாறோ

முதலிடத்தில் இருந்தோர் சரித்திரங்களே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. போரை வென்ற சேனாபதியும், சட்டத்தை நிறைவேற்றிய மந்திரியும், நாட்டை ஆண்ட அரசனும் புத்தகங்களிலே இடம்பெறுவர். அவருக்கு அடுத்த ஆசனத்தில் இருந்துகொண்டு, அவர் வருமுன்னும் அவர் போனபின்னும் காரியத்தை நடத்தியவருடைய பெயர் எங்கோ ஓரடிக்குறிப்பிலே கிடக்கும். பாடசாலைப் பலகையிலே தலைமையாசிரியர் பெயர் எழுதப்படும். ஆயினும் இடாப்பைக் காப்பவரும், நேரசூசியை வகுப்பவரும், ஓராசிரியர் வராத நாளில் அவர் வகுப்புப் பிள்ளைகளை எவரிடம் அனுப்புவதென்று அறிந்தவரும் இரண்டாம் ஆசிரியரே என்பது, இதனை வாசிப்போருக்கு யாம் எடுத்துச் சொல்லவேண்டியதன்று. அத்தகைய இரண்டாம் ஆசனத்திலே, பிரித்தானியக் கடற்படையின் தலைமை அலுவலகத்திலே, ஏறக்குறைய 40 வருஷம் இருந்த சேர் யோன் பாறோ என்பவருடைய சரித்திரத்தை ஈண்டு எழுதப்புகுந்தாம்.

இவர் 1764ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே, இங்கிலாந்தின் வடமேற்குப் பாகத்தில் உள்ள அல்வர்ஸ்ரன் என்னும் பட்டினத்தை அடுத்த டிறாக்லி பெக் என்னும் சிற்றூரிலே, ஒரு சிறு குடிசையிலே பிறந்தார். தந்தையார் தோல் பதனிடுந் தொழிலாளி. பெற்றோருக்கு இவர் ஒரே பிள்ளை. ஊர்ப் பாடசாலையிலே கணிதமும் இலத்தீனுங் கற்று, 13 வயதளவிலே படிப்பை நிறுத்தினார். பின்னர் லிவர்ப்பூல் நகரத்து இரும்பு வார்ப்புச்சாலை ஒன்றிலே கணக்கெழுதும் லிகிதராயினார். அதன்பின் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றிலேறிக் கிறீன்லாந்துக் கடலுக்குச் சென்று மீண்டார். பனிக்கட்டிக் கடலை இவர் தங் கண்ணாற் கண்டது இவ்வொருமுறையே. பிற்காலத்திலே பல நூறு பேரை அக்கடலுக்கு அனுப்பினவர், இளமையிலே சென்ற இவ்வொரு யாத்திரையன்றி மற்றொருமுறை அங்கே சென்றதில்லை. இதனை வாசிப்போர் மனத்திலே வைத்திருத்தல் நன்று.

கப்பலால் இறங்கியபின் இவர் செய்த தொழில் ஆசிரியத் தொழில். கிறீனிச்சிலே ஒரு பாடசாலையிற் சில வருஷம் கணிதங் கற்பித்தார். இவருடைய உயர்வெல்லாம் இத்தொழிலிலிருந்தே தொடங்கிற்று. சேர் யோர்ச் ஸ்தாண்டன் என்னும் பிரபு தம் இளம் மைந்தனுக்குக் கணிதங் கற்பிக்க ஒருவரைத் தேடினார், பாறோ அமர்த்தப்பட்டார். இந்த ஸ்தாண்டன் நம்மவருக்கு முற்றும் அயலார் அல்லர். மக்காட்னி பிரபு 1781 முதல் 1785 வரை சென்னைக்குக் கவர்னராயிருந்த காலத்திலே அவருக்குக் காரியதரிசியாயிருந்து, திப்பு சுல்தானோடு 1784இல் மங்களூரிலே முடிந்த சமாதான உடன்படிக்கையிற் கலந்துகொண்டவர் இவரே. 1792இல் மக்காட்னி பிரபு சீனச் சக்கரவர்த்தியிடம் தூது செல்ல நியமிக்கப்பட்டபோது ஸ்தாண்டனும் உடன் சென்றார், மைந்தனும் சென்றான், மைந்தனுடைய ஆசிரியரும் தூதுக்கூட்டத்தின் வீட்டுக் கணக்கைப் பார்க்கும் அதிகாரியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

சீனத்திலே பாறோவுக்குக் கிடைத்த வேலையும் இரண்டாமிடத்து வேலையே. தூதர் பெருமான் வடக்கே ஜெகோல் என்னுமிடத்திலே கியன்லுங் சக்கரவர்த்தியைக் காணச் சென்றபோது, பாறோ பீக்கிங் நகரத்தை அடுத்த கோடைகால அரண்மனையிலே தங்கி, கொண்டுவந்த கிரகமண்டல யந்திரம் முதலிய பரிசுகளைப் பூட்டி ஒழுங்குசெய்து வைக்கும் பணியில் அமர்ந்தார். சக்கரவர்த்தி முன் எத்தனைமுறை நிலத்தில் விழுந்து வணங்குவது என்னும் வழக்கு அங்கே பெரிதாய் நடந்தது. தூது பயன்படாது திரும்பிற்று. ஆனால் பாறோ சும்மா இருந்தாரல்லர். சீன பாஷையிற் சிறிது பழகினார், கண்டவற்றையெல்லாங் குறித்துவைத்தார். அக்குறிப்புக்கள் 1804இலே ஒரு பெரும் புத்தகமாயின.

1797இல் மக்காட்னி பிரபு ஆபிரிக்காவின் தென்முனையாகிய கேப் குடியேற்றத்துக்குக் கவர்னராய்ப் போகும்போது பாறோவை அந்தரங்கக் காரியதரிசியாகக் கூட்டிச் சென்றார். அங்கே உண்ணாட்டுக் குடியேறிகளுக்கும் சோசா மக்களுக்கும் இருந்த பிணக்கை விசாரிக்கவும், நாட்டை அளந்து படம் வரையவும் பாறோ அனுப்பப்பட்டார். மாட்டுவண்டியிலும் குதிரையிலும் ஆயிரமைல்களுக்கு மேல் நடந்த அந்த யாத்திரையைப்பற்றி எழுதப்புகின் இக்கட்டுரை நீளும். பின்னர் அங்கே கணக்காய்வுத் தலைவராகி, 1799இலே கேப் நகரத்து ஒல்லாந்தக் குடும்பத்துப் பெண்ணாகிய அன்னா மரியா துறூற்றர் என்பவரை மணந்தார். அங்கேயே வீடுங் காணியும் வாங்கி வாழ எண்ணியிருந்தார். ஆனால் 1802இல் ஆமியென் நகரத்து உடன்படிக்கைப்படி கேப் நாடு ஒல்லாந்தருக்கு மீளக் கொடுக்கப்பட, 1803இல் இவர் உத்தியோகமும் வீடும் இழந்து இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

மறு வருஷம், 1804ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே, மெல்வில் பிரபு கடற்படைச் சபைக்கு முதற் பிரபுவாயினார். இவர் கேப் நாட்டைப்பற்றிப் பாறோ எழுதியவற்றை அறிந்தவர். மக்காட்னி பிரபுவும் பரிந்து பேசினார். பாறோ சபையின் இரண்டாம் காரியதரிசியாக நியமிக்கப்பட்டார். வயது அப்போது நாற்பதுக்குச் சில நாட் குறைவு.

அவ்வலுவலகம் எத்தன்மையது என்பதைச் சிறிது கூறாவிட்டால் இவர் செய்த காரியம் விளங்காது. ஆங்கிலர் அட்மிறல்ற்றி என்று அழைக்கும் அச்சபை இலண்டன் மாநகரத்திலே வைற்ஹோல் என்னும் வீதியிலே கூடுவது. அதற்குத் தலைவர் முதற் பிரபு. அவர் மந்திரிசபையைச் சேர்ந்த அரசியலாளர். அவரோடு சில பிரபுக்கள் அமர்வர். அவர்களுக்குக் கீழே காரியதரிசிகள் இருவர். முதற் காரியதரிசி பாராளுமன்ற அங்கத்தவர்; பணத்துக்கும் கேள்விக்கும் அங்கே விடைசொல்பவர். இரண்டாங் காரியதரிசி பாராளுமன்றத்துக்குப் போகாதவர். அலுவலகத்தையும் லிகிதர்களையும் கடிதங்களையும் பார்ப்பவர். உலகத்தின் எல்லாக் கடல்களிலிருந்தும் கப்பித்தான்மாரும் அட்மிறல்மாரும் எழுதுங் கடிதங்கள் அவ்விடத்துக்கு வரும். வந்த கடிதத்தின் மூலையை மடித்து அதிலே சபையின் தீர்மானம் சுருக்கமாய் எழுதப்படும், லிகிதர் அதனை விரித்து மறுமொழி எழுதுவர், காரியதரிசி கையெழுத்திடுவார். அம்மறுமொழியிலே காரியதரிசி தாமாக ஒன்றுஞ் சொல்வதில்லை; பிரபுக்கள் தமக்குக் கட்டளையிட்டபடி அறிவிப்பதாகவே எழுதுவார். நமது திருக்கோணமலைத் துறை 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலர் கைப்பட்டபின், அங்கே நின்ற கடற்படைக்கும் ஆணை பிறந்த இடம் இவ்வலுவலகமே.

ஒருவர் பிறர் பெயரால் எழுதும்போது, அந்தப் பிறர் எத்தனைமுறை மாறினாலும் எழுதுங் கை ஒன்றாயிருக்குமாயின், அந்தக் கையின் வலிமை எத்துணைப் பெரிது! முதற் பிரபுக்கள் மந்திரிசபையோடு வருவர், போவர். கடந்த வருஷம் மத்தியதரைக் கடலுக்கு என்ன கட்டளை போயிற்று, அதற்கு முந்தின போரிலே அதே காரியம் எப்படி நடந்தது என்பவற்றை அறிந்தவர் மாறாதிருந்தவரே. புதிய பிரபுவுக்கு அவர் சொல்வதே பழைய வழக்கு.

பாறோ முதலில் மாறாதிருந்தவர் அல்லர். 1805இலே திறபல்கார்ப் போர் வெற்றியும் நெல்சன் பிரபுவின் மரணச் செய்தியும் கார்த்திகை மாதம் 6ஆந் திகதி நள்ளிரவு கடந்தபின் அவ்வலுவலகத்துக்கு வந்தபோது, அதனைக் கையேற்றவர் முதற் காரியதரிசி வில்லியம் மாஸ்டன். சுமத்திராத் தீவின் சரித்திரத்தை எழுதிய பண்டிதர். இம்மாஸ்டனும் முன்னே இரண்டாங் காரியதரிசியாயிருந்து உயர்ந்தவரே. மறு வருஷம் கட்சி மாறிற்று. விக் கட்சியார் வந்து பாறோவை நீக்கி வேறொருவரை வைத்தனர். 1807இல் அக்கட்சியார் வீழ, இவர் திரும்பவும் அதே ஆசனத்தில் அமர்ந்தார். 1830இலே விக் கட்சியார் மீண்டும் அதிகாரத்துக்கு வந்தனர். முதற் காரியதரிசியாய் 1809 முதல் இருந்த குறோக்கர் பதவியை விட்டுச் சென்றார். பாறோவும் போவார் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் புதிய முதற் பிரபு சேர் யேம்ஸ் கிறஹாம் இவரை நிறுத்திக்கொண்டார். 1832இலே கப்பல் கட்டுதல் பண்டசாலை முதலியவற்றைப் பார்த்துவந்த பழைய நேவி போட் என்னும் தனிச்சபையைக் கிறஹாம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு சபைக்குக் கீழாக்கினபோது, அந்தப் பெருமாற்றத்தினூடே அலுவலகத்தை நடத்தியவர் பாறோ. கட்சி மாறினாலும் இரண்டாம் ஆசனம் மாறாது என்னும் வழக்கு அங்கே இவ்வாறு வேரூன்றிற்று. பிற்காலத்திலே நிரந்தரக் காரியதரிசி என்று பல இராச்சியங்களிலே ஏற்பட்ட பதவிக்கு இது முன்மாதிரிகளுள் ஒன்று. பாறோ செய்தவற்றுள் நிலைத்தது இதுவே என்பது எமது துணிபு. ஆனால் அவர் பெயர் நிலைத்தது இதனாலன்று.

அது பனிக்கட்டிக் கடலினால். நெப்போலியனோடு நடந்த போர் 1815இல் முடிந்தது. போரின் உச்சத்திலே சுமார் 1,40,000 பேரைக் கொண்டிருந்த கடற்படை இரண்டொரு வருஷத்துள் சுமார் 20,000 பேராகக் குறைக்கப்பட்டது. உத்தியோகத்தருட் பெரும்பாலார் அரைச் சம்பளத்தோடு வீட்டிலிருந்தனர். கப்பல்கள் துறையிலே சும்மா கிடந்தன. 1817இலே திமிங்கில வேட்டைக் கப்பித்தான் வில்லியம் ஸ்கோஸ்பி, கிறீன்லாந்துக் கடலிலே பனிக்கட்டி வழக்கத்துக்கு மாறாய் நீங்கிக் கிடக்கின்றதென அறிவித்தார். பாறோவின் மனத்திலே பழைய எண்ணமொன்று கிளர்ந்தது. அமெரிக்காவின் வடக்கே அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து பசிபிக் சமுத்திரத்துக்கு வழியுண்டு. துருவத்தை அடுத்த கடல் பனிக்கட்டியில்லாத திறந்த கடல். பனிக்கட்டி கரையை அடுத்தே உண்டாவது என்பது அவர் கொள்கை. ஸ்கோஸ்பி போன்று வருஷந்தோறும் அக்கடலிற் சென்று வந்தோர் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. கடலை அறிந்தவர் சொல்லும், மேசையிலிருந்து படத்தை நோக்குபவர் சொல்லும் மாறுபட்டன. சபையிலே வென்றது மேசையின் சொல். பயணத் தலைமையும் ஸ்கோஸ்பிக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் கடற்படை உத்தியோகத்தர் அல்லர்.

1818இலே இரண்டு கூட்டங்கள் அனுப்பப்பட்டன. துருவத்தை நோக்கிச் சென்றது ஒன்று. அது பனிக்கட்டியில் அடிபட்டுத் திரும்பிற்று. மற்றையது வடமேற்கு வழியைத் தேடிச் சென்றது. இதற்குத் தலைவர் யோன் றொஸ் என்னும் கப்பித்தான்; இரண்டாங் கப்பலுக்கு எட்வேட் பாரி என்னும் இளைஞர். றொஸ் லங்காஸ்ரர் சவுண்ட் என்னும் கடல்வாயினுள்ளே சிறிது தூரஞ் சென்று, முன்னே மலைத்தொடரொன்று வழியை அடைத்துநிற்கக் கண்டதாகக் கொண்டு, முதற் காரியதரிசியின் பெயரால் குறோக்கர் மலை என்று அதற்குப் பெயரிட்டுத் திரும்பிவிட்டார். அங்கே மலை இல்லை. அது கானலின் தோற்றம். அடுத்த வருஷம் பாரி அதே வழியாற் சென்று, மலை நின்ற இடத்திலே கப்பலை ஓட்டி, மேற்கு நெடுவரை 110 பாகையையுங் கடந்து, மெல்வில் தீவிலே மாரிகாலத்தைக் கழித்து, 1820இலே பாராளுமன்றம் வைத்திருந்த 5000 பவுண் பரிசோடு மீண்டார். தாம் சென்ற நீரிணைக்கு அவரிட்ட பெயர் பாறோ நீரிணை. முதற் காரியதரிசியின் மலை கரைந்துபோக, இரண்டாங் காரியதரிசியின் கடல் நிலைத்தது. மிஷன் பாடசாலையிலே பூகோளப்படத்தைப் பார்த்து யாம் இப்பெயர்களை மனனஞ்செய்த காலத்திலே, இவற்றினுள்ளே இப்படி ஒரு கதை கிடந்ததை எவரும் சொல்லித் தந்திலர். படத்திற் கிடக்கும் பெயர்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் இதனையுஞ் சேர்த்துச் சொல்வாராயின் அப்பாடம் மறவாது.

இனி யாம் சொல்லப்புகுவது பாறோவுக்குப் பெருமை தருவதன்று. றொஸ் 1819இலே தம் யாத்திரையைப் புத்தகமாய் வெளியிட்டார். அக்காலத்திலே குவாட்டர்லி றிவியூ என்றொரு மூன்றுமாதப் பத்திரிகை இலண்டனிலே பெருமதிப்போடு நடந்துவந்தது. அதிலே எழுதுவோர் பெயர் அச்சிடப்படுவதில்லை. பாறோ தமது ஆயுளிலே அதற்கு எழுதிய கட்டுரைகள் 200க்குச் சற்றுக் குறைவு. அவ்வாறு பெயரில்லாத கட்டுரையிலே றொஸ்ஸின் துணிவையும் அறிவையும் இகழ்ந்து, வாசித்தோர் நகைக்கும்படி எழுதினார். றொஸ் அவசரப்பட்டுத் திரும்பினாரென்பது மெய். பின்னே வந்த கப்பலிலிருந்தோர் அம்மலையைக் கண்டிலர் என்பதும் மெய். குற்றஞ் சொல்லுதல் தகாதென்று யாம் கூறவில்லை. ஆனால் றொஸ்ஸின் அறிக்கையைப் பகலிலே உத்தியோகமுறையாற் பெற்று வாசித்தவரும், இரவிலே பெயரின்றி அவரை உலகத்தார் முன் இழித்தவரும் ஒருவரே. அலுவலகத்திலே கட்டளை பிரபுக்களின் பெயரால் வரும். பத்திரிகையிலே கண்டனம் எவர் பெயராலுமின்றி வரும். ஈரிடத்தும் எழுதினவர் பெயர் காணப்படாது. தாக்கப்பட்டவர் எவருக்கு விடையளிப்பது? அதன்பின் றொஸ்ஸுக்குச் சபை கடலாராய்ச்சித் தலைமை ஒன்றையேனுங் கொடுத்ததில்லை.

1829இலே றொஸ், சாராயம் வடிக்கும் பீலிக்ஸ் பூத் என்னும் செல்வர் கொடுத்த பணத்தால், தாமே ஒரு சிறு கப்பலிற் சென்று, நான்கு மாரிகாலம் பனிக்கட்டியினுள்ளே அகப்பட்டிருந்தார். அப்பயணத்திலே அவர் தமையனார் மைந்தர் யேம்ஸ் கிளாக் றொஸ் 1831இலே வட காந்த துருவத்தைக் கண்டனர். 1833இலே இறந்தாரென்று கைவிடப்பட்ட அக்கூட்டத்தை எடுத்து உயிர்காத்த திமிங்கிலக் கப்பல் எது? 1818இலே றொஸ் தாமே ஓட்டிச் சென்ற இசபெல்லா! இத்தனைக்குப் பின்னும் பாறோவின் பேனை ஓயவில்லை. அப்பயணத்தின் புத்தகத்தையும் முன்போலவே தாக்கினார்.

நல்லதையும் மறைத்தலாகாது. 1830இலே இலண்டனிலே பூகோள சங்கம் நிறுவப்பட்டபோது அதனை முன்னின்று ஆக்கியவர்களுள் பாறோ தலையாயவர்; 1835 முதல் 1837 வரை அதற்குத் தலைவராயிருந்தார். ஆபிரிக்காவின் ஆறுகளுக்கும் ஆர்க்டிக் கடல்களுக்கும் இவர் விடுத்தவர்கள் கொண்டுவந்த அளவுகளும் தாவர, காந்தக் குறிப்புக்களும் சாஸ்திரத்துக்கு நிலையான செல்வமாயின. கலகத்துக்குட்பட்ட பவுண்ரி என்னுங் கப்பலின் சரித்திரத்தை 1831இலே எழுதினார். அலுவலகத்துப் பத்திரங்களைக் கையாளத் தெரிந்தவர் எழுதிய சரித்திரமாதலால் அது இன்றும் வாசிக்கப்படுகின்றது. 1835இலே பரனற்று என்னும் பட்டம் பெற்றார். தோல் பதனிடுவோர் மகன் இத்தனையும் பெற்றது கல்வியாலும் இடையறாத உழைப்பாலுமே என்பதில் ஐயமில்லை.

ஆனால் இவர் அனுப்பினவருட் பலர் மீண்டிலர். 1816இலே கொங்கோ ஆற்றுக்குச் சென்ற தக்கி என்னும் கப்பித்தானும் அவருடன் சென்ற சாஸ்திரிகளும் காய்ச்சலால் மாண்டனர். 1819 முதல் 1822 வரை தரைவழியாய்க் கனடாவின் வடகரையை ஆராயச் சென்ற யோன் பிராங்கிளின் கூட்டத்து 20 பேரில் 11 பேர் பசியாலும் குளிராலும் பிறவாற்றாலும் இறந்தனர். எஞ்சினோர் தோலாலாய சப்பாத்தை உண்டு உயிர்வாழ்ந்தனரென்பர். அதனாலே பிராங்கிளின் ஊரிலே வீரரெனக் கொண்டாடப்பட்டார். ஒரு பயணத்தின் கெடுதி அடுத்த பயணத்துக்கு எச்சரிக்கை ஆகவேண்டும். அங்கே அது புகழாயிற்று.

1844ஆம் ஆண்டின் இறுதியிலே, எண்பதுவயது நிறைந்த பாறோ, வடமேற்கு வழியை முடித்துவிட இன்னும் ஒரு பயணம் போதுமென்று சபைக்கு எழுதினார். அறியப்படாது கிடந்த தூரம் சில நூறு மைல்களே. ஆதலால் அது எளிதென்பது அவர் கணக்கு. படத்திலே விரலால் அளந்தால் எளிதே. 1845 தை மாதத்திலே அவர் பதவியை விட்டு இளைப்பாறினார். வைகாசி மாதத்திலே எரெபஸ், ரெறர் என்னும் இரண்டு கப்பல்களும் புறப்பட்டன. தலைவர், 59 வயதுடைய பிராங்கிளின். இடையிலே திருப்பி அனுப்பப்பட்டோர் சிலர் போக, 129 பேர் பனிக்கட்டிக்குட் சென்றனர். ஒருவரும் மீண்டிலர்.

ஆணையிட்டவர் முதற் பிரபுவும் சபையாரும், கையெழுத்தும் அவர்களுடையது. ஆராய்ந்தால் பாறோமேற் சட்டப்படி ஒரு பழியும் இல்லை. இரண்டாம் ஆசனத்தின் தன்மை அதுவே: வெற்றி முதலாமவருக்கு, தோல்வியும் முதலாமவருக்கு. ஆயினும் 27 வருஷமாய் அந்த எண்ணத்தைச் சபையிலே அணையாது காத்தவர் வேறெவர்? பிரபுக்கள் தோறும் புதிதாய் வந்து, பழைய வழக்கு யாதென வினாவ, வழக்கு இதுவெனச் சொன்னவர் வேறெவர்? மாறாதிருத்தலினாலே அலுவலகத்துக்கு ஞாபகம் உண்டாயிற்று. அதே மாறாமையினாலே ஒருவருடைய பிடிவாதம் அலுவலகத்தின் கொள்கையுமாயிற்று. இவ்விரண்டையும் பிரித்து ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்ள வழியுண்டோ என்பது, பாடசாலையாயினும் சங்கமாயினும், இரண்டாமிடத்தில் இருப்போரும் அவரை வைத்திருப்போரும் ஆலோசிக்கவேண்டியதே.

பாறோ 1847இலே தம் சரித்திரத்தைத் தாமே எழுதி வெளியிட்டார். அவ்வருஷம் ஆனி மாதத்திலேயே பிராங்கிளின் பனிக்கட்டியிடையே இறந்துபோயிருந்தார். இங்கிலாந்திலே எவரும் அறியார். 1848இலே தேடுங் கப்பல்கள் புறப்பட்டன. அவ்வருஷம் கார்த்திகை மாதம் 23ஆந் திகதி பாறோ இலண்டனிலே தேகவியோகமாயினார். அனுப்பியவரைத் தேடும் பணி அவருடைய மைந்தர், மற்றொரு யோன் பாறோ, கைக்குச் சென்றது. அவர் அதே அலுவலகத்துப் பத்திரச்சாலைக்குத் தலைவராயிருந்து, தேடுதலை ஊக்கியவர்களுள் ஒருவராயினார். 1850இலே தேடச் சென்றவர்களுள் ஒருவர், 73 வயதுக் கிழவராகிய யோன் றொஸ். 1854இலும் 1859இலுமே, கூட்டமுழுதும் மாண்ட செய்தி, அந்நாட்டு இனுவிற்று மக்கள் சொல்லாலும் கற்குவையிற் கண்ட ஒரு கடதாசியாலும் தெரியவந்தது. எரெபஸ் 2014இலும் ரெறர் 2016இலும் கடலடியிலே கண்டுபிடிக்கப்பட்டன.

அல்வர்ஸ்ரன் நகரத்தார் 1850இலே ஹோட் குன்றின்மேல் பாறோவுக்கு ஞாபகத்தூண் ஒன்று கட்டத் தொடங்கினர். சுமார் 100 அடி உயரமுள்ள அது வெளிச்சவீட்டின் வடிவாய்க் கட்டப்பட்டது. ஆனால் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு அதில் ஒருகாலத்தும் இருந்ததில்லை. அலாஸ்காவின் வடகோடியிலே அவர் பெயரால் வழங்கிய பாறோ என்னும் ஊருக்கு, அங்கே வாழும் மக்கள் 2016இலே வாக்கெடுத்து, உற்கியாக்விக் என்னும் தம் பழம்பெயரைச் சூட்டினர். அதனை அடுத்த முனைக்கும், றொஸ் மலையென்று கண்டு திரும்பிய கடல்வாய்க்கு மேற்கே கிடக்கும் நீரிணைக்கும் படங்களிலே இன்னும் பாறோ என்றே பெயர்.